ஆள் குடியிருக்கும் காலி வீடு

தார்ன்டன் கீல், ஸ்பானியம் பேசுகிற மேட்டுப் பாலைவனச் சிற்றூரான பியேத்ரா மான்சாவுக்கு வந்து இறங்கியது மார்ச் மாதம், காற்றடிக்கிற காலத்தில். அறிவுள்ளவன் எவனும் அந்த மாதத்தில் அங்கே வரமாட்டான். வானத்துக்கும் தரைக்கும் நடுவே மண்ணைத் தவிர வேறொன்றும் இருக்காது. பல்லில் மணல் நறநறக்காமல் ஒரு வாய் சாப்பிட முடியாது. ஊர் நாய்கள்கூட வண்டிகளுக்கு அடியிலிருந்து தலையை நீட்டுவதில்லை. ஆனால் கீல் நான்கு பருவங்களின் வெளிச்சத்தையும் படம்பிடிக்க வந்தவர். வசந்தம் என்ற சொல்லை எங்கேயோ பூ பூக்கிற ஊரில் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

அவருக்கு வழிகாட்ட அமர்ந்தவள் ஒர்லிந்தா ஆர்ச்சுலேத்தா. அந்த ஊர்க்காரி, ஐம்பதைத் தாண்டியவள், அவளும் படம் எடுப்பவள்தான். வாரத்தில் இரண்டு நாள் மலைக்குக் கீழே உள்ள கல்லூரியில் புகைப்படப் பாடம் நடத்துவாள். அக்டோபரில் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகும்போது வெளியூர்க்காரர்கள் ட்ரைபாட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்கள்; அவர்களைக் கூட்டிப்போய் ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்துவதும் அவள்தான். அவர்களைப் பற்றி அவளுக்கு ஒரே ஓர் அபிப்பிராயம்தான் உண்டு: கூலிக்கு வந்த கண்கள். எல்லோரும் ஒரே மரத்தை ஒரே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, தான் மட்டும் கண்டுபிடித்ததுபோல் வீட்டுக்குப் போவார்கள்.

கீல் அந்த ரகம் இல்லை என்று நினைத்துத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். அவருடைய மூன்று புத்தகங்கள் அவள் வீட்டு அலமாரியில் இருந்தன, ஒவ்வொன்றும் கதவுப் பலகை கனம். இருபது வயதில் அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் காமிராவே பிடிக்கக் கற்றாள். தொலைபேசியில் பேசியபோது அவர், உங்கள் படங்களையும் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் கல்லூரியில் பாதிச் சம்பள விடுப்பே எடுத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வாரமே அவர் லட்சணம் தெரிந்துபோனது. அது ஊர்வாய்க்கால் தூர்வாரும் நாள். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். மேலே மதகிலிருந்து கீழே கடைசி வயல்வரை வாரிக்கொண்டே போவார்கள். கீல் மேட்டில் காமிராவை நிறுத்தியிருந்தார். காற்று அபூர்வமாக அரைமணி நேரம் ஓய்ந்திருந்தது. வாய்க்காலின் வளைவில் காலை வெளிச்சம் சாய்ந்து விழுந்து, பழுப்பு மண்ணே வெல்லப்பாகு மாதிரி மின்னியது. அதன் நடுவில் இருபது ஆண்கள் முதுகு வளைத்து நின்றார்கள். அவர் ஒர்லிந்தாவைக் கூப்பிட்டு, அந்த வெளிச்சம் போகும்வரை இவர்கள் கொஞ்சம் விலகி நிற்க முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

வேலைக்காரியாக வந்தவள் வேறென்ன செய்வாள். போய்ச் சொன்னாள். வாய்க்காலில் நின்றவர்களில் அவளுடைய பெரியம்மா மகன் ஃபிதென்சியோவும் இருந்தார். அறுபத்தாறு வயது, மனைவியை இழந்தவர், எதற்கும் அவசரப்படாத ஆள். அவளை ஸ்பானியத்தில் ‘ப்ரீமா’, தங்கச்சி முறை, என்றுதான் கூப்பிடுவார். மண்வெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு மேட்டை அண்ணாந்து பார்த்தார்.

“இந்த ஆளு இங்க எதை எடுக்க வந்திருக்காரு, ப்ரீமா?”

“கோடையில பச்சை, அக்டோபர்ல மஞ்சள், எல்லாம்தான்.”

“நாங்க தள்ளி நின்னா தண்ணி வராது. தண்ணி வரலன்னா பச்சை வராது, மஞ்சளும் வராது. அப்புறம் இதே மண்ணை வருஷம் பூரா எடுத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான். பரவாயில்லையான்னு கேட்டுட்டு வா.”

இருபது பேரும் சிரித்தார்கள். ஒர்லிந்தா மேட்டுக்குத் திரும்பிப் போய், விலக முடியாதாம் என்று மட்டும் சொன்னாள். கீல் பெருமூச்சு விட்டு, இந்த மக்களுக்குத் தங்களுடைய நிலத்தின் அழகே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். வருத்தம் உண்மையாகவே இருந்தது. அதுதான் அவளால் சகிக்க முடியாததாக இருந்தது.

ஜூனில் அவர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஜூன் மாதத்து வெளிச்சம் அங்கே யாருக்கும் முகம் காட்டாது. காலை எட்டு மணிக்கே உச்சிக்கு ஏறி நின்று, மலையின் மடிப்பு, மரத்தின் நிழல், மனிதனின் மூக்கு எல்லாவற்றையும் சுண்ணாம்பு பூசினாற்போல் தட்டையாக்கிவிடும். கீல் அதை ‘பயனற்ற வெளிச்சம்’ என்றார். ஊரில் அந்த வெளிச்சத்தில்தான் புல் அறுப்பார்கள், ஆடு மேய்ப்பார்கள், தேவாலயத்துக்கு மண் பூசுவார்கள். அவ்வளவும் பயனற்றுத்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்டில் மழைக்காலம் வந்தது. மேட்டுப் பாலைவனத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கடவுள் கஞ்சத்தனத்தை விடுகிற காலம் அது. மதியம்வரை துடைத்த வானம். பிறகு வடக்கே மேகம் கருஞ்சுவராக எழும்பும். மேற்கே இறங்கும் சூரியன் மட்டும் மூடப்படாமல், அந்தக் கருப்புக்கு முன்னால் நிற்கிற ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாக ஏற்றிவைக்கும். இருபது நிமிஷம் இருந்தால் அதிகம். அந்த வெளிச்சத்துக்கு எது சரியான இடம் என்று ஒர்லிந்தாவுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, சமீசா புதர்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் ஃபிதென்சியோவின் வீடு. மண்சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, நீலம் உரிந்த சன்னல் சட்டம். பக்கத்தில் ஒற்றைக் காட்டன்வுட். அவளே அந்த வீட்டை முப்பது தடவையாவது எடுத்திருப்பாள்.

கீல் பார்த்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். பிக்கப் வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொல்ல முடியுமா? ஃபிதென்சியோ கொண்டுபோனார். கொடியில் காய்கிற துணி? எப்படியும் மழை வரப்போகிறது, எடுத்துவிட்டார். வாசலில் கிடந்த நாற்காலி, நாய்க்குத் தண்ணீர் வைத்த தகரக் குவளை, பிறகு நாய். எல்லாம் போனபின் கீல் காமிராவுக்குள் பார்த்துவிட்டு, கடைசியாக, அவரும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தால் நல்லது என்றார். ஃபிதென்சியோ தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அடுப்பில் அவருக்குப் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. கேஸ் அடுப்பு என்பதால் புகை வரவில்லை, கீல் பிழைத்தார்.

படம் பிரமாதமாகத்தான் வந்தது. அதை மறுத்தால் ஒர்லிந்தா பொய் சொல்கிறாள் என்று அர்த்தம். கருமேகத்துக்கு முன்னால் அந்த வீடு உள்ளே விளக்கெரியும் பரங்கிக்காய்போல் நின்றது. இரண்டு நாள் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. பொறாமைதான்.

செப்டம்பர் கடைசியில் அது நாடெங்கும் போகிற ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. கீழே ஒரு வரி: ‘கடைசி மனிதரும் போய்விட்ட வீடு.’ உள்ளே இரண்டு பக்கம் கட்டுரை. மேட்டுப் பாலைவனத்தின் மௌனம், மனிதன் தோற்று வெளியேறிய நிலம், வெளிச்சம் மட்டுமே அங்கே இனி குடியிருக்கிறது, இத்யாதி. ஒர்லிந்தா பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் ஃபிதென்சியோவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. நான் எங்கே போனேன் என்று எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார்.

அவர் போன இடத்தைத் தேடி இரண்டே வாரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்டோபர் மஞ்சளுக்கு எப்படியும் வருகிற கூட்டம். இந்த ஆண்டு கையில் அந்தப் பத்திரிகையையும் பிடித்துக்கொண்டு வந்தது. வேலியைத் தாண்டினார்கள். சன்னலில் நெற்றியை முட்டி உள்ளே பார்த்தார்கள். யாரோ சன்னல் சட்டத்திலிருந்து நீலச் சாயம் ஒட்டிய மரச்சில்லு ஒன்றை நினைவுப்பொருளாகப் பெயர்த்துக்கொண்டு போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபிதென்சியோ சமையலறையில் மேல்சட்டை இல்லாமல் முகத்தில் சோப்பு நுரையோடு நின்று சவரம் செய்துகொண்டிருந்தபோது, கழுத்தில் இரண்டு காமிரா தொங்க ஓர் அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அந்த அம்மாள் பயந்துபோய், “இங்க ஆள் இருக்காங்களா?” என்று கேட்டாளாம்.

ஃபிதென்சியோ கண்ணாடியைப் பார்த்தபடியே, “நேத்துவரை இருந்தேன்” என்றாராம்.

அம்மாள் மன்னிப்புக் கேட்டாள். வெளியே போனாள். போன கையோடு சன்னல் வழியாக அவர் சவரம் செய்வதை ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கதை ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. ஒர்லிந்தா சிரிக்கவில்லை. தன் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்த கீலைத் தொலைபேசியில் பிடித்து, அந்த வீட்டில் ஆள் இருப்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அவரை உள்ளே போகச் சொன்னீர்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்த வரியைத் தான் எழுதவில்லை, பத்திரிகைக்காரர்கள் எழுதினது என்றார். ஆனால் ஓர் ஆழமான பொருளில் அது உண்மைதான் இல்லையா என்றும் கேட்டார். என்ன ஆழம் என்று அவள் கேட்டதும் பேச்சை மாற்றினார். ஜனவரியில் பனிக்கால வெளிச்சத்துக்கு வருகிறேன், அந்த வீட்டோடுதான் புத்தகம் முடிகிறது, அப்போது உங்கள் படங்களையும் பார்த்துவிடலாம் என்றார். அவளுக்குச் சூடு சொரணை இருந்திருந்தால் அங்கேயே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

நவம்பரில் ஃபிதென்சியோ கூரையை மாற்றினார். பத்து வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்த கூரை அது. மழைக்காலத்தில் படுக்கையை அறைக்குள்ளேயே மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு திரிந்தவர். தங்கை மகன்கள் இருவர் வந்து, பழைய துருத்தகரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுத் தகடு அடித்தார்கள். தக்காளிச் சிவப்பு. அந்த நிறத்தில் மிச்சத் தகடு கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இரண்டு மைல் தூரத்தில் நெடுஞ்சாலையில் போகிறவனுக்கும் கண்ணில் குத்தும்.

பத்திரிகையோடு வருகிறவர்கள் நொந்துபோனார்கள். படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓர் ஆள் ஃபிதென்சியோவிடமே வந்து, இந்தக் கூரையைப் போட்டு இந்த இடத்தையே கெடுத்துவிட்டவர் யார் என்று விசாரித்தார். நான்தான் என்றார் இவர். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அந்த ஆள் கிட்டத்தட்ட அழுகிற குரலில் கேட்டார். என் தலையில் தண்ணீர் விழுந்தது என்று ஃபிதென்சியோ சொன்னதை ஒரு காரணமாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லையாம்.

ஜனவரியில் கீல் வந்து சேர்ந்தபோது ஒர்லிந்தா கூரை மாறியதை வேண்டுமென்றே முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருந்தாள். வண்டியில் திருப்பம் திரும்பி வீடு தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த சம்பளத்தில் அதுதான் உருப்படியான பகுதி.

ஆனால் அவர் சளைக்கவில்லை. பனி விழுந்து கூரையை முழுக்க மூடிவிட்டால் சிவப்புத் தெரியாதே என்று கண்டுபிடித்தார். பனிக்காகக் காத்திருந்தார். பனி விழுந்தது, ஒரு சாண் உயரத்துக்கு. விடியலில் இருவரும் போய் நின்றார்கள். ஜனவரி விடியல் அங்கே உயிரை வாங்கும் குளிர். மூக்கிலிருந்து வரும் மூச்சு மீசையிலேயே உறையும். தென்கிழக்கிலிருந்து சூரியன் தாழ்வாக எட்டிப் பார்க்கும்போது பனிமேல் நிழல்கள் நீலமாக நீளும், மேடு ரோஜா நிறமாகும். கூரை வெள்ளைவெளேரென்று இருந்தது. கீல் விரலில் ஊதிக்கொண்டு வெளிச்சம் மரத்தைத் தொடக் காத்திருந்தார். வீட்டுக்குள்ளே ஃபிதென்சியோ எழுந்து குளிர்காயும் விறகடுப்பைப் பற்றவைத்தார். புகைபோக்கியில் பைன் புகை சுருண்டது. சிறிது நேரத்தில் கூரைத் தகடு சூடேறி, மொத்தப் பனியும் ஒரே பாளமாக வழுக்கிக்கொண்டு தடதடவென்று கீழே விழுந்தது. தக்காளிச் சிவப்பு பளபளவென்று கழுவிவிட்டாற்போல் வெளியே வந்தது. அந்த நொடியில்தான் வெளிச்சமும் மரத்தைத் தொட்டது.

அடுத்த பனிக்கும் இதேதான். மூன்றாவது பனிக்கு முந்தைய நாள் மாலை கீல் ஒர்லிந்தாவையும் கூட்டிக்கொண்டு ஃபிதென்சியோவின் வீட்டுக்கே போனார். சோளமும் இறைச்சியும் போட்ட போசோலேக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிதென்சியோ இருவருக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். கீல் சாப்பிடாமல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு காலை மட்டும் அடுப்புப் பற்றவைக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார். ஒர்லிந்தா தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஃபிதென்சியோவுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், இருந்தாலும் அவளிடம் ஸ்பானியத்தில்தான் பேசினார்.

“காலி வீட்டுல அடுப்பு எப்படி எரியுதாம்? பேய் பத்தவைக்குதுன்னு சொல்லு. பேய்க்கும் குளிருமில்ல.”

“விளையாடாத, ப்ரீமோ. முடியாதுன்னு நேரா சொல்லிடு.”

“நான் ஏன் சொல்லணும்? நான்தான் போயிட்டேனே. பத்திரிகையில போட்டிருக்கு.”

அவள் கீலிடம் திரும்பி, முடியாது என்றாள். இந்த முறை ‘முடியாதாம்’ என்று சொல்லவில்லை. அவர் அவளைச் சற்று வியப்போடு பார்த்தார்.

மறுநாள் கிளம்புவதற்கு முன் அவர் வாக்கைக் காப்பாற்றினார். காரின் முன்பக்க மூடிமேல் அவள் படப்பெட்டியைத் திறந்து, கையுறையைக் கழற்றாமலே புரட்டினார். இருபத்தைந்து வருஷத்து வேலை. புழுதிக் காற்றில் மேட்டுநிலம், மழைக்கு முந்தைய ஆறு, பனியில் வேலி, ஃபிதென்சியோவின் வீடு. ஒரு சிகரெட் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அழகாக இருக்கிறது என்றார். பிறகு, “இதையெல்லாம் எங்கேயோ ஏற்கெனவே பாத்த மாதிரி இருக்கு” என்றார். பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார்.

அவள் அந்தப் பெட்டியை ஒரு மாதம் திறக்கவில்லை. எங்கே பார்த்தீர், உம்முடைய புத்தகத்தில்தான் பார்த்தீர் என்று சொல்லியிருக்கலாம் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் தோன்றும். சொல்லாததும் நல்லதுதான். அது வசையா ஒப்புதலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

புத்தகம் அடுத்த அக்டோபரில் வந்தது. சாந்தா ஃபேயில் ஒரு கேலரியில் வெளியீடு. அழைப்பு வந்ததும் அவள் ஃபிதென்சியோவையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டு, தோல் தொப்பியோடு வந்தார். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் அவரிடம் வந்து உங்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர் யாரென்று தெரிந்து கேட்கவில்லை. தொப்பி நன்றாக இருந்ததாம்.

கடைசிச் சுவரில், ஒரு வாசல் அளவுக்கு, பனிக்காலப் படம். நீல நிழல், ரோஜா நிற மேடு, காட்டன்வுட். கூரை துருப்பழுப்பாக இருந்தது, மேலே மாவு தூவினதுபோல் கொஞ்சம் பனி. புகைபோக்கியில் புகை இல்லை. ஆகஸ்டில் எடுத்த பழைய கூரையைக் கணினியில் வெட்டி ஒட்டியிருந்தார். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பனிமேல் மரத்தின் நிழல் இடது பக்கம் விழுந்தது. கூரைமேல் புகைபோக்கியின் நிழல் வலது பக்கம் விழுந்தது. ஒரே விடியலில் இரண்டு சூரியன்.

கீல் பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றபோது அவள் கையைத் தூக்கினாள். மனசுக்குள் இந்தத் தருணத்தைப் பத்து நிமிஷமாக ருசித்துக்கொண்டிருந்தாள். அறை மொத்தமும் நிசப்தமாகும், அந்த ஆள் வெளிறிப்போவார் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தாள். எழுந்து, மரத்துக்கு ஒரு பக்கமும் புகைபோக்கிக்கு மறுபக்கமும் வெயில் அடிக்கிறதே, அது எந்த நாட்டுக் காலை என்று கேட்டாள்.

கீல் வெளிறவில்லை. அவளை அன்போடு பார்த்துச் சிரித்தார். கூட்டத்துக்கு அவளை அறிமுகம் செய்தார்: இவர்தான் ஒர்லிந்தா, இந்தப் புத்தகத்தின் இன்னொரு கண். பிறகு சொன்னார், “அந்த வீடு இப்போ எப்படி இருக்குன்னு நான் எடுக்கல. அந்த வீடு தன்னை எப்படி ஞாபகம் வச்சிருக்கோ, அதை எடுத்தேன். ஞாபகத்துல ரெண்டு சூரியன் இருக்கக் கூடாதா?”

கைதட்டினார்கள். சும்மா அல்ல, நெஞ்சு நெகிழ்ந்து தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கேள்வி, அந்த இரட்டை வெளிச்சத்தை அவர் எப்போது முதலில் உணர்ந்தார் என்பதாக இருந்தது. ஒர்லிந்தா நின்றபடி நின்றிருந்தாள். ஃபிதென்சியோ அவள் முழங்கையைத் தொட்டு உட்காரவைத்து, தட்டிலிருந்த பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில், வண்டி எஸ்பனோலாவைத் தாண்டும்வரை அவள் ஏசிக்கொண்டே வந்தாள். கீலை ஏசினாள், கைதட்டினவர்களை ஏசினாள், கண்ணைத் துடைத்த பெண்ணின் சால்வையைக்கூட விடவில்லை. மனிதர்கள் வாழ்கிற இடத்தில் மனிதனையே துடைத்தெடுத்துவிட்டு, அப்புறம் ஐயோ யாருமே இல்லையே என்று உருகுகிறான்கள் என்றாள். ஃபிதென்சியோ சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னார்.

“நீயும் என் வீட்டை எத்தனையோ தடவை எடுத்திருக்கே. ஒண்ணுலயாவது நான் இருக்கேனா?”

அவரே தொடர்ந்தார்.

“வண்டியை நகத்தச் சொல்லுவே. துணியை எடுக்கச் சொல்லுவே. உள்ள போன்னு மட்டும் சொல்ல மாட்டே. உறவுங்கறதால, நான் வெளிய போறவரைக்கும் காத்திருந்து எடுப்பே.”

“நான் காலி வீடுன்னு எழுதலியே.”

“எழுதல. யாரும் உன் படத்தைப் போடல, அதனால எழுதல.”

அவர் குரலில் குத்தல் இல்லை. பாட்டரி தீர்ந்துபோச்சு என்கிற மாதிரிதான் சொன்னார். வீடு வந்தது. இறங்கும்போது அவள் கதவை அடித்துச் சாத்தினாள். ஃபிதென்சியோவோடு நவம்பர் முழுக்கப் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சோளமாவுத் தமாலே சுற்ற எல்லோரும் கூடும் வீட்டுக்குக்கூட, அவர் கிளம்பிப்போன பிறகுதான் போனாள்.

பிப்ரவரியில் ஒருநாள் உச்சிப் பகலில், காமிரா படிக்கிறவர்களுக்கு அவளே எடுக்காதே என்று சொல்லிக்கொடுக்கிற வெளிச்சத்தில், ஃபிதென்சியோவின் வீட்டுப் பக்கமாகப் போனாள். பாதி உருகின பனி, மீதி சேறு. கூரை சிவப்பு கண்ணைப் பறித்தது. கூரைமேல் டிஷ் கோணலாக நின்றது. சுவரோரம் வெள்ளைக் கேஸ் தொட்டி. பிக்கப்பின் முன்மூடி திறந்திருக்க, அடியிலிருந்து தங்கை மகன் ஒருவனின் இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஃபிதென்சியோ கிழிந்த கோட்டோடு, கையில் ஒரு வாளியோடு நின்று அந்தக் கால்களுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வண்டியை நிறுத்தி, ட்ரைபாட் இல்லாமல், சன்னலை இறக்கிக்கூடச் சரியாக முடிக்காமல் எடுத்தாள். பிறகு இறங்கிப் போய் அருகில் நின்று எடுத்தாள். அவர் வாளியைக் கீழே வைக்கப் போனார். வைக்காதே என்றாள். அவள் அவரிடம் மூன்று மாதத்துக்கும் மேல் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“நகர வேண்டாமா?”

“வேண்டாம்.”

“வண்டி?”

“வாயை மூடிட்டு அவனைத் திட்டு.”

அவர் திட்டினார். தடையில்லாமல் வந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு, எந்தக் கேலரிக்கும் அனுப்பாமல், ஊர்க்கடையில் மாட்டினாள். கடைக்காரி யூஃபேலியா மெதினா பெட்ரோல், மாட்டுத்தீவனம், பச்சை மிளகாய் எல்லாம் விற்பவள். ரொட்டி அடுக்குக்கு மேல் இடம் ஒழித்துக் கொடுத்தாள். ஒர்லிந்தா உள்ளுக்குள் எதையோ எதிர்பார்த்தாள் என்பது உண்மை. ஊர் தன்னைத் தானே பார்த்து ஒரு கணம் வாயடைத்து நிற்கும் என்று நினைத்திருக்கலாம்.

ஊர் வாயடைக்கவில்லை. தீவனம் வாங்க வந்தவர் ஒருவர், அந்த வண்டியில் எண்ணெய் ஒழுகுவது போன வருஷமே நான் சொன்னதுதான் என்றார். இன்னொருவர் டிஷ் அந்தக் கோணத்தில் இருந்தால் ஒரு சேனலும் வராது என்றார். தினம் பார்க்கிறதை எதற்கு இவ்வளவு பெரிசாக அச்சுப்போட்டு வீணாக்குகிறாய், மலையை எடுத்திருந்தாலாவது பார்க்கலாம் என்று யூஃபேலியாவே சொல்லிவிட்டாள். ஒரு கிழவர் மட்டும் வெகுநேரம் நின்று பார்த்தார். ஒர்லிந்தா ஆசையோடு அருகில் போனாள். அவர் திரும்பி, அந்தத் தகடு இன்னும் மிச்சம் இருக்கிறதா, கோழிக்கூண்டுக்கு வேண்டும் என்று கேட்டார்.

கீலின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் பெட்ரோல் போடக் கடைக்குள் நுழைவார்கள். அந்தப் படத்துக்கு அடியிலேயே நின்று, அந்தக் காலி வீட்டுக்கு எந்த வழி என்று யூஃபேலியாவைக் கேட்பார்கள். தலையை நிமிர்த்தி ரொட்டி எடுப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், மறுபடி குனிந்து வழி கேட்பார்கள். யூஃபேலியாவும் கையை நீட்டி வழியைச் சொல்லி அனுப்புவாள்.

ஒர்லிந்தா எடுத்த படத்தில் ஃபிதென்சியோ ஒரு பிரதி வாங்கிப் போனார். மாட்டிக்கொள்ள அல்ல, பியூப்லோ நகரத்தில் இருக்கும் மகளுக்கு அனுப்ப. ஒரு வாரத்தில் மகள் ஒர்லிந்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கோபமாக இருந்தாள்.

“அத்தை, நான் அனுப்பின புதுக் கோட்டு எங்கே? அப்பா ஏன் அந்தக் கிழிஞ்சதையே போட்டுக்கிட்டு நிக்கிறாரு? போட்டுக்கச் சொல்லி அப்புறம் எடுத்திருக்கக் கூடாதா?”

ஒர்லிந்தா அதற்கு என்ன பதில் சொன்னாளோ தெரியாது. ஆனால் மறுநாள் காலையிலேயே காமிராவை எடுத்துக்கொண்டு ஃபிதென்சியோவின் வீட்டுக்குப் போனாள். காற்று அடிக்கத் தொடங்கிவிட்டிருந்தது. வாயெல்லாம் மணலோடு அவர் கோழிகளை ஏசிக்கொண்டு முற்றத்தில் நின்றார். புதுக் கோட்டு உள்ளே ஆணியில் தொங்குவது சன்னல் வழியே தெரிந்தது. அவள் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லாமல் காமிராவை உயர்த்தினாள்.